மார்பகப் புற்றுநோய்: யாருக்கு வருகின்றது, ஏன் தாமதிக்கின்றோம்?

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். இந்நாட்டில் பெண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதுவே. உலக அளவிலும் நிலைமை இவ்வாறுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் உயிரிழந்தனர்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதம் வந்தால் இளஞ்சிவப்பு நாடாக்களையும் விழிப்புணர்வு ஊர்வலங்களையும் காண்கின்றோம். ஆனால் எமது வீடுகளுக்குள் இந்நோயின் பெயரைச் சொல்வதற்கே ஒரு தயக்கம் இருக்கின்றது. "அவவுக்கு அந்த வருத்தமாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிக் கொள்கின்றோம். மார்பகம் என்ற சொல்லை உச்சரிக்க வெட்கம், புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிக்கப் பயம். இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக் கொள்பவள் நோயுற்ற பெண்தான்.

ஆரம்பத்தில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய ஒரு நோய், தாமதத்தினால் உயிரைக் குடிக்கும் நோயாக மாறுகின்றது. ஆகவே இந்நோய் என்ன, யாருக்கு வருகின்றது, சந்தேகம் ஏற்பட்டால் எங்கே செல்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

மார்பகப் புற்றுநோய் என்றால் என்ன?

பெண்ணின் மார்பகம் பாலைச் சுரக்கும் சிறு சுரப்பிகளையும், அந்தப் பாலை முலைக்காம்புக்குக் கொண்டு செல்லும் நாளங்களையும், அவற்றைச் சூழ்ந்துள்ள கொழுப்பு மற்றும் இணைப்பு இழையங்களையும் கொண்டது. எமது உடலின் கலங்கள் ஓர் ஒழுங்கின்படி பெருகி, ஓர் ஒழுங்கின்படி அழிகின்றன. ஏதேனும் ஒரு கலத்தில் மரபணு மாற்றம் ஏற்பட்டு, அது அந்த ஒழுங்கை மீறிக் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கும் போதே புற்றுநோய் உருவாகின்றது.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பால் நாளங்களின் உட்சுவரில் ஆரம்பிக்கின்றன. ஒரு பகுதி பால் சுரப்பிகளில் ஆரம்பிக்கின்றது. நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் வரை அது ஆபத்து விளைவிப்பதில்லை. நாளத்தின் சுவரைத் துளைத்து வெளியே வந்த பின்னர்தான் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்தும் இரத்தத்தின் மூலமும் எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை போன்ற உறுப்புகளுக்கும் பரவுகின்றது. மார்பகத்தில் உள்ள கட்டி தானாக ஆளைக் கொல்வதில்லை. இவ்வாறு ஏனைய உறுப்புகளுக்குப் பரவுவதே உயிராபத்தை ஏற்படுத்துகின்றது. பரவுவதற்கு முன்னர் அகற்றிவிட வேண்டும் என்று வைத்தியர்கள் அவசரப்படுவது இதனால்தான்.

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீர்க்கட்டிகளும், இளம் பெண்களுக்கு வரும் தீங்கற்ற நார்க்கட்டிகளும் மிகவும் சாதாரணமானவை. ஆனால் எது சாதாரணக் கட்டி, எது புற்றுநோய் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து வீட்டில் தீர்மானிக்க முடியாது.

யாருக்கு வருகின்றது?

இக்கேள்வி பழைமையானது. இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ரமஸினி, கன்னியாஸ்திரிகளிடையே மார்பகப் புற்றுநோய் அதிகமாக இருப்பதை 18 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே அவதானித்து எழுதினார். 1926 இல் பிரித்தானிய வைத்தியரான ஜெனட் லேன் கிளேபொன், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிள்ளை பெறாதவர்கள், தாமதமாகத் திருமணம் முடித்தவர்கள், பாலூட்டாதவர்கள் ஆகியோரிடம் இந்நோய் சற்று அதிகமாகக் காணப்படுவதை அவர் எடுத்துக் காட்டினார். பின்னர் வந்த ஆய்வுகள் இதற்கான காரணத்தைத் தெளிவுபடுத்தின. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனின் தாக்கத்துக்கு மார்பகக் கலங்கள் எவ்வளவு காலம் உட்படுகின்றனவோ, அந்தளவுக்கு அபாயமும் கூடுகின்றது.

இன்று அறியப்பட்டுள்ள அபாயக் காரணிகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பெண்ணாக இருப்பது. நோயாளிகளில் சுமார் 99 வீதமானோர் பெண்களே. இரண்டாவது, வயது. வயது ஏற ஏற அபாயமும் ஏறுகின்றது. பெரும்பாலான நோயாளிகள் 40 வயதைக் கடந்தவர்கள். எனினும் முப்பதுகளிலும், அரிதாக இருபதுகளிலும் இது வருவதுண்டு.

மூன்றாவது, ஹோர்மோனுடன் தொடர்புடைய காரணிகள். 12 வயதுக்கு முன்னர் பருவமடைதல், 55 வயதுக்குப் பின்னரும் மாதவிடாய் தொடர்தல், பிள்ளைப்பேறு இல்லாமை, முதற் பிள்ளையை 30 வயதுக்குப் பின்னர் பெறுதல், மாதவிடாய் நின்ற பின்னர் நீண்ட காலம் ஹோர்மோன் மாத்திரைகள் பாவித்தல் என்பன இதில் அடங்கும்.

நான்காவது, வாழ்க்கை முறை. மாதவிடாய் நின்ற பெண்களில் உடற்பருமன் ஒரு முக்கிய காரணியாகும். ஏனெனில் அவ்வயதில் கொழுப்பு இழையமே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்கின்றது. உடலுழைப்புக் குறைவும் மதுபானமும் ஏனைய காரணிகள். மது எமது பெண்களுக்குப் பொருந்தாத விடயமாக இருக்கலாம். ஆனால் உடற்பருமனும் நடையின்மையும் எமது வீடுகளில் தாராளமாக உண்டு. வாரத்துக்கு 150 நிமிட நடையாவது அவசியம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெண்கள் கூச்சமின்றி நடப்பதற்கு எத்தனை ஊர்களில் ஓர் இடத்தை ஒழுங்கு செய்து கொடுத்திருக்கின்றோம் என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

ஐந்தாவது, பரம்பரை. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 வீதமானவை மாத்திரமே பெற்றோரிடமிருந்து கடத்தப்படும் மரபணு மாற்றத்தினால் ஏற்படுகின்றன. இவற்றில் முக்கியமானவை 1990களின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரு மரபணுக்களாகும். இவற்றில் பாதகமான மாற்றம் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் ஏற்படலாம். சூலகப் புற்றுநோய்க்கான அபாயமும் அவர்களுக்கு அதிகம்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விடயம் உண்டு. இந்த மரபணு உம்மாவின் வழியாக மாத்திரமன்றி வாப்பாவின் வழியாகவும் வரும். "உம்மாவுக்கு இருந்ததா, ராத்தாவுக்கு இருந்ததா?" என்று கேட்பது போலவே, வாப்பாவின் தாய்க்கும் சகோதரிகளுக்கும் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு இளவயதில் இந்நோய் ஏற்பட்டிருந்தால், அதனை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எந்தக் காரணியும் இல்லாதவர்கள்

மேலே கூறியவற்றை வாசிக்கும் ஒரு சகோதரி, "எனக்கு நான்கு பிள்ளைகள், எல்லோருக்கும் பால் கொடுத்தேன், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, ஆகவே எனக்கு வராது" என்று நினைக்கக் கூடும். இது மிக ஆபத்தான முடிவாகும். நோயுற்ற பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பெண்ணாக இருப்பதும் வயதும் தவிர வேறு எந்தக் குறிப்பிட்ட அபாயக் காரணியும் இருப்பதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தகவலாகும்.

பாலூட்டுவது பாதுகாப்புத் தருகின்றது என்பது உண்மை. 30 நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2002 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவரது அபாயம் சுமார் 4.3 வீதத்தால் குறைகின்றது. ஒவ்வொரு பிள்ளைப்பேறும் மேலும் 7 வீதத்தால் குறைக்கின்றது. இரண்டு வருடம் பாலூட்டுவதை ஊக்குவிக்கும் மார்க்கம் எம்முடையது. ஆனால் அபாயம் குறைவது வேறு, அறவே இல்லாமல் போவது வேறு. பல பிள்ளைகளுக்குப் பாலூட்டிய தாய்மாருக்கும் இந்நோய் வருகின்றது.

பாலூட்டும் காலத்திலும் இது வரலாம். அக்காலத்தில் தோன்றும் கட்டியை "பால் கட்டியிருக்கின்றது" என்று கூறி ஒத்தடம் கொடுத்துக் கொண்டே மாதங்களைக் கடத்தி விடுகின்றனர். பால் கட்டுவது சாதாரணமானதுதான். ஆனால் இரண்டு வாரங்களில் கரையாத கட்டியை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். ஆண்களுக்கும் சிறிதளவு மார்பக இழையம் உண்டு. மொத்த நோயாளிகளில் அரை வீதம் முதல் ஒரு வீதம் வரையானோர் ஆண்கள். முலைக்காம்பின் கீழ் நோவில்லாத கடினமான கட்டி, காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து திரவம் வடிதல் என்பன அறிகுறிகளாகும். இது பெண்களின் நோய் என்ற எண்ணத்தினால் ஆண்கள் தாமதித்தே வைத்தியரிடம் செல்கின்றனர். பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் ஆண்களுக்கான அபாயம் கூடுதலாகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி அல்லது தடிப்பு, ஒரு மார்பகத்தின் அளவிலோ வடிவத்திலோ ஏற்படும் மாற்றம், தோலில் குழி விழுதல், தோடம்பழத்தின் தோலைப் போலத் தோல் தடித்துப் புள்ளி புள்ளியாக மாறுதல், முலைக்காம்பு புதிதாக உள்நோக்கித் திரும்புதல், காம்பிலிருந்து இரத்தமோ வேறு திரவமோ கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது தோல் உரிதல், மார்பகம் சிவந்து சூடேறி வீங்குதல் ஆகியவை முக்கியமானவை.

இவற்றுள் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஆரம்பநிலைப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. "நோவு இல்லைதானே, பிறகு பார்ப்போம்" என்பதே எமது பெண்கள் சொல்லும் முதற் காரணம். நோவு இல்லாத கட்டிக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. நோவு வரும் வரை காத்திருப்பது, நோய் முற்றும் வரை காத்திருப்பதற்குச் சமமாகும்.

சுய பரிசோதனை

20 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் மாதம் ஒரு தடவை தனது மார்பகங்களைத் தானே பரிசோதித்துக் கொள்ள வேண்டும் என இலங்கையின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகின்றது. மாதவிடாய் முடிந்து சில நாட்களில் இதனைச் செய்வது பொருத்தமானது. அப்போது மார்பகத்தில் வீக்கமும் இறுக்கமும் குறைவாக இருக்கும். மாதவிடாய் நின்றவர்கள் ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியைத் தெரிவு செய்து கொள்ளலாம்.

முதலில் கண்ணாடியின் முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் உயர்த்தியும், இடுப்பில் ஊன்றி அழுத்தியும் இரு மார்பகங்களையும் அவதானியுங்கள். பின்னர் படுத்த நிலையிலோ, குளிக்கும் போது சவர்க்காரம் பூசிய நிலையிலோ தொட்டுப் பாருங்கள். இடது மார்பகத்தை வலது கையாலும், வலது மார்பகத்தை இடது கையாலும் பார்க்க வேண்டும். விரல் நுனிகளால் கிள்ளிப் பார்க்கக் கூடாது. நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் சிறு வட்டங்களாக, முதலில் மெதுவாகவும் பின்னர் சற்று அழுத்தியும் தடவ வேண்டும். காறை எலும்பு முதல் மார்பகத்தின் கீழ் மடிப்பு வரையும், நடு நெஞ்சு முதல் அக்குள் வரையும் எந்த இடத்தையும் தவற விடாதீர்கள்.

சுய பரிசோதனையின் எல்லையையும் அறிந்து கொள்ள வேண்டும். சீனாவின் ஷங்காய் நகரில் 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண் தொழிலாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவு 2002 இல் வெளியானது. சுய பரிசோதனையைக் கற்பிப்பதால் மாத்திரம் மரணங்கள் குறையவில்லை என்று அது காட்டியது. தனது உடலின் வழமையான நிலையை அறிந்து வைத்திருக்கவும், மாற்றத்தை உடனே உணரவும் அது உதவும். பயிற்சி பெற்றவர் செய்யும் பரிசோதனைக்கு அது பதிலாகாது.

அதே வேளை, மும்பையில் 1998 இல் ஆரம்பிக்கப்பட்டு ஒன்றரை இலட்சம் பெண்களை 20 வருடங்கள் வரை பின்தொடர்ந்த ஆய்வு நம்பிக்கை தருகின்றது. பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்ததன் மூலம், 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 வீதத்தால் குறைந்தன. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இதற்குப் பயன்படுத்தப்படவில்லை.

எங்கே செல்வது?

இவ்வாறான பரிசோதனை எமது நாட்டில் இலவசமாகவே கிடைக்கின்றது. 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கி வருகின்றன. 35 வயதைக் கடந்த பெண்கள் இங்கு சென்று மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைப் பார்த்துக் கொள்ளலாம். கிளினிக் நடைபெறும் நாளை உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். கர்ப்ப காலத்தில் வீடு தேடி வந்த அதே உத்தியோகத்தர்தான். பிள்ளை பிறந்து சில வருடங்கள் சென்றதும் நாம் அவரை மறந்து விடுகின்றோம்.

கொழும்பு நாரஹேன்பிட்டியில், தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டறியும் நிலையம் ஒன்றும் இயங்குகின்றது. சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கும் செல்லலாம். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் எந்தத் தவறுமில்லை.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

மூன்று படிகள் உண்டு. முதலில் வைத்தியர் கையால் பரிசோதிப்பார். அடுத்து படம் எடுக்கப்படும். இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், வயது கூடியவர்களுக்கு மெமோகிராம் எனப்படும் எக்ஸ்ரே பரிசோதனையும் செய்வர். இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது என்பதால் மெமோகிராமில் கட்டி தெளிவாகத் தெரியாது என்பதே இதற்குக் காரணம். மூன்றாவதாக, ஊசி மூலம் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துப் பரிசோதிப்பார்கள். இதுவே பயொப்ஸி.

"ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. இது தவறான நம்பிக்கை. பயொப்ஸி இல்லாமல் நோயை உறுதி செய்ய முடியாது. எவ்வகைப் புற்றுநோய் என்பதையும் அறிய முடியாது. ஹோர்மோனுக்குக் கட்டுப்படும் வகையா, ஹேர்2 என்ற புரதம் அதிகமுள்ள வகையா, இவ்விரண்டும் இல்லாத வகையா என்பதைப் பொறுத்தே மருந்து தீர்மானிக்கப்படுகின்றது.

சிகிச்சையும் குணமடைதலும்

புற்றுநோய் என்றால் மார்பகத்தையே அகற்றி விடுவார்கள் என்ற பயம் பல பெண்களை வைத்தியசாலைக்குச் செல்லவிடாமல் தடுக்கின்றது. எல்லோருக்கும் அவ்வாறு செய்வதில்லை. கட்டியை மாத்திரம் அகற்றிப் பின்னர் கதிர்வீச்சு சிகிச்சை வழங்கினாலும், முழு மார்பகத்தையும் அகற்றினாலும், உயிர் பிழைக்கும் வாய்ப்பு சமமானதே. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் இதனை 2002 இல் உறுதிப்படுத்தின. ஆனால் இது கட்டி சிறியதாக இருக்கும் போதே பெரும்பாலும் சாத்தியமாகும். மார்பகத்தை இழப்போம் என்று பயந்து தாமதிப்பவர்களே கடைசியில் அதனை இழக்க நேரிடுகின்றது.

சத்திரசிகிச்சையுடன் கீமோதெரபி, கதிர்வீச்சு, ஹோர்மோன் சிகிச்சை என்பனவும் தேவைக்கேற்ப வழங்கப்படும். கீமோதெரபியினால் கொட்டும் முடி சிகிச்சை முடிந்த பின்னர் மீண்டும் வளரும். ஹோர்மோனுக்குக் கட்டுப்படும் வகையினர் டமொக்சிஃபென் போன்ற மாத்திரையை 5 வருடங்கள் அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கின்றது என்று இதனை இடையில் நிறுத்தக் கூடாது.

அமெரிக்கப் பதிவுகளின்படி, மார்பகத்துக்குள் அடங்கியிருக்கும் நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 99 வீதமானோர் 5 வருடங்களைக் கடந்து வாழ்கின்றனர். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் கண்டறியப்பட்டவர்களில் இது சுமார் 30 வீதம் மாத்திரமே. இந்நோயில் காலத்தின் பெறுமதியை இவ்விரு எண்களும் சொல்லிவிடுகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், அறிகுறியுடன் வரும் பெண்ணுக்கு 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயம் முடிக்கப்பட வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலை மாத்திரமன்றி கண்டி, கராப்பிட்டிய, தெல்லிப்பழை, மட்டக்களப்பு, பதுளை, அநுராதபுரம், குருநாகல் ஆகிய இடங்களிலும் அரசாங்கப் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. கிழக்கிலுள்ள ஒரு பெண் எல்லாவற்றுக்கும் மகரகமவுக்குத்தான் செல்ல வேண்டும் என்றில்லை.

எம்மைத் தடுப்பது எது?

சிகிச்சை இலவசம், கிளினிக் அருகில் இருக்கின்றது. அவ்வாறாயின் ஏன் தாமதம்?

முதற் காரணம் வெட்கம். ஹயா எமது பெண்களின் அழகு. ஆனால் வைத்தியத் தேவையின் போது பெண் வைத்தியர் இல்லாவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே இருக்கின்றனர். நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். வெட்கத்தினால் உயிரைப் பணயம் வைப்பதை ஹயா என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம், மகளின் திருமணம். "உம்மாவுக்குப் புற்றுநோய் என்றால் பிள்ளையை யார் எடுப்பார்கள்?" என்று நினைத்து நோயை மறைக்கும் தாய்மார் உள்ளனர். இந்நோய் தொற்றாது. பெரும்பாலானவை பரம்பரையாகவும் வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் இதனைக் காரணம் காட்டிப் பேச்சை முறிக்கும் போது, ஊரிலுள்ள எல்லாத் தாய்மாருக்கும் "நோயை மறைத்துக் கொள்ளுங்கள்" என்ற செய்தியையே சொல்கின்றனர்.

மூன்றாவது, ஓதிப் பார்த்தலும் நாட்டு வைத்தியமும். துஆ செய்வதையோ ஓதுவதையோ யாரும் தடுக்கவில்லை. அதற்காகச் சிகிச்சையைப் பிற்போடுவதுதான் பிழை. கட்டியின் மீது பற்றுப் போட்டுக் கொண்டிருக்கும் ஆறு மாதத்தில், குணப்படுத்தக் கூடிய நோய் கைமீறிப் போய்விடலாம்.

நான்காவது, வீட்டுப் பொறுப்பு. பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்குச் சுகமில்லை, நோன்பு வருகின்றது, பெருநாள் முடியட்டும், மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று பெண்கள் தம்மைக் கடைசியில் வைத்துக் கொள்கின்றனர். இதில் ஆண்களின் பொறுப்பு பெரியது. மனைவியோ தாயோ சகோதரியோ ஒரு கட்டியைப் பற்றிச் சொன்னால், அதே வாரத்தில் அழைத்துச் செல்லுங்கள். மத்திய கிழக்கில் இருப்பவர்கள் தொலைபேசியில் "காட்டிவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பு" என்று வற்புறுத்துங்கள். சிகிச்சையின் நடுவே மனைவியைக் கைவிடுபவர்களைப் பற்றியும் கேள்விப்படுகின்றோம். அது எந்த மார்க்கத்திலும் மனிதத்தன்மையிலும் அடங்காது.

ஜமாஅத்தும் சமூகமும்

எமது சமூகத்துக்கு இவ்விடயத்தில் ஆற்றல் இல்லாமல் இல்லை. 2016 ஆம் ஆண்டு மகரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் ஒன்றைப் பெற்றுக் கொடுப்பதற்காகக் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று நிதி திரட்டிய போது, இன மத பேதமின்றி மக்கள் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்தனர். அந்த மனம் ஊர் மட்டத்திலும் செயற்பட வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் வருடத்தில் ஒரு ஜும்ஆவையாவது பெண்களின் சுகாதாரத்துக்கு ஒதுக்கலாம். குத்பாவில் ஆண்கள் கேட்பதே வீட்டில் அனுமதியாக மாறும். சுகாதார வைத்திய அதிகாரியுடன் பேசி, பெண் வைத்தியர் ஒருவரைக் கொண்டு மத்ரஸாவிலோ பாடசாலையிலோ பெண்களுக்கென்று தனியாகப் பரிசோதனை நாள் ஒன்றை ஒழுங்கு செய்யலாம். ஸகாத், ஸதகா நிதியிலிருந்து நோயாளியின் போக்குவரத்துக்கும், அரசாங்க வைத்தியசாலையில் கிடைக்காத மருந்துக்கும் உதவலாம். சிகிச்சை இலவசமானாலும் மாதக்கணக்கில் வந்து போகும் செலவும், உடன் செல்பவரின் நாட்கூலி இழப்பும் ஏழைக் குடும்பத்தை முறித்து விடுகின்றன. குணமடைந்த சகோதரிகள் முன்வந்து பேசுவது எல்லாவற்றிலும் பெரிய உதவியாகும். "எனக்கும் வந்தது, இதோ நன்றாக இருக்கின்றேன்" என்று அயல்வீட்டுப் பெண் சொல்வது பத்துத் துண்டுப்பிரசுரங்களை விட வலிமையானது.

இதனை வாசிக்கும் சகோதரி 35 வயதைக் கடந்தவராயின், அடுத்த சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்பதை இன்றே விசாரித்துக் கொள்ளட்டும். வாசிப்பவர் ஓர் ஆணாயின், வீட்டிலுள்ள பெண்களிடம் இக்கட்டுரையைக் கொடுத்து, "போக வேண்டுமென்றால் நான் கூட்டிப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். ஏற்கனவே ஒரு கட்டியை உணர்ந்தும் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் யாரேனும் இருந்தால், அது பெரும்பாலும் சாதாரணக் கட்டியாகவே இருக்கலாம், இன்ஷா அல்லாஹ். அதனை உறுதி செய்து கொள்வதற்கும் வைத்தியரிடம் சென்றே ஆக வேண்டும்.